ஓடாத ஃபேனும் காட்டுப்பள்ளிக் கப்பலும்

ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எங்கள் காருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் விடியும் முன்பே கிளம்பி, சேலம் தாண்டி, உளுந்தூர்பேட்டை தாண்டி, எதிர்க்காற்றைக் குடித்துக்கொண்டே வந்தது. வியாசர்பாடியில்தான் முதல் முறையாக நெரிசலில் நின்றோம். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, நடுவில் நாங்கள். நின்ற ஐந்தாவது நிமிடம், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல எழுந்தது. பத்தாவது நிமிடம் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அப்போதுதான் அவர் கை வந்து என் முழங்காலின்மேல் விழுந்தது.

என் கணவரைச் சொல்கிறேன். இடதுபக்க இருக்கையில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, பெல்ட்டோடு ஒரு துண்டையும் சேர்த்துக் கட்டி உட்கார வைத்திருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒன்றாகப் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சரி. பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, நான் யார் தெரிகிறதா என்றாலும் சரி. சொல்ல நினைப்பது வேறு, வாயில் வருவது அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார்.

இருபத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் வெளியிடத்தில் என் விரலைக்கூடத் தொட்டவர் இல்லை அவர். அந்த இடது கை என் முழங்காலைத் தேடி வந்ததும் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அதன்மேல் என் கையை வைத்து, "ஒண்ணுமில்லீங்க, பக்கத்துல வந்துட்டோம்" என்றேன். கையை உதறிவிட்டு மறுபடி முழங்கால் பக்கமே நீட்டினார். அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

நாங்கள் வந்தது எங்கள் மகனைப் பார்க்க. நவீன் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். அப்பா விழுந்தபோது எங்கோ நடுக்கடலில் இருந்தான். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று விடவில்லை, ஒப்பந்தத்தில் அப்போது இன்னும் ஏழு மாதம் பாக்கி. இப்போது அவன் கப்பல் காட்டுப்பள்ளிக்கு வருகிறது, இரண்டு நாள் நிற்கும், துறைமுக வாசல் வரை வந்து பார்க்க அவனுக்கு அனுமதி கிடைக்கும். அவ்வளவுதான் கணக்கு. ஃபோனில் ஆகாது. ஃபோனில் அவன் அப்பா என்பான், இவர் சரி என்பார், பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இவருக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் ஆகும். முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிய கை. இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

ராயபுரத்துக்குள் நுழைந்ததும் பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

"யக்கா, தொறக்காத. மூஞ்சி வெந்துடும்." அலுமினியக் கூடையில் மீனோடு நடந்து வந்த ஒரு பெண். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆறட்டும் நில்லு. இன்னா அவசரம் உனுக்கு?"

என்ன அவசரம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காருக்குள் எட்டிப் பார்த்து, "நைனாவுக்கு வேர்க்குது பாரு" என்று தன் முந்தானையாலேயே அவர் நெற்றியைத் துடைத்தாள். மீன் வாடை. அவர் சரி என்றார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நெற்றியை யாரும் துடைக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் லாட்ஜில் தரைத்தள அறை. அறையின் ஜன்னலில் டீசலும் உப்பும் கருவாடும் கலந்து ஒரு காற்று வந்து நின்றது, போகவில்லை. மாதா கோயில் மணி, ரயில், லாரி ஹாரன், மறுபடியும் ரயில். எனக்காகத் தெருமுனை வண்டியில் ஒரு தட்டு அத்தோ வாங்கினேன். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களோடு வந்த சாப்பாடாம். பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப். அவருக்கு விழுங்குவது சிரமம் என்பதால் இட்லியை சாம்பாரில் கரைத்து ஸ்பூனில் கொடுத்தேன். தண்ணீரைக் குடித்தவர் முகம் சுளித்தார். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு. பேச்சு போனாலும் அது போகவில்லை.

இரண்டாம் நாள் காலை லாட்ஜ்காரர் கைகாட்டிய மெக்கானிக்கிடம் போனோம். பெயர் டில்லி. பாலத்தை ஒட்டித் தகரக் கொட்டகை, முன்னால் நான்கு ஆட்டோ, ஒரு மீன் வண்டி, நடுவில் எங்கள் கார். அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கிக் கொட்டகை நிழலில் விட்டேன். டில்லிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டேதான் வேலை செய்வான். பேச்சு நின்றால் கையும் நின்றுவிடும்.

"கோயமுத்தூர் வண்டியாமா? ஒண்ணியும் இல்லமா, ஃபேன் ஓடல. ரோட்ல போறப்ப காத்து அடிக்கும், ரேடியேட்டர் தன்னால ஆறிக்கும். டிராஃபிக்ல நின்னாக்கா காத்து ஏது? அப்ப ஃபேன்தான் சுத்தணும். சுத்தல. ஏன் சுத்தலன்னு பாப்போம். ஒன் அவர்."

ஒன் அவர். வடசென்னையில் நான் கேட்ட சொற்களிலேயே மிகவும் ஆபத்தானது அது. நம்பும்படியான அளவில் இருந்தது.

முதலில் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். "நல்லா கீது." பிறகு ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றி, அதே அளவில் இருந்த ஹாரன் ரிலேயை அதன் இடத்தில் சொருகினான். ஃபேன் சுற்றவில்லை. ஃபேன் ரிலேயை ஹாரன் இடத்தில் வைத்து அழுத்தினான், ஹாரன் அலறியது. நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டார். "ரிலேயும் நல்லா கீது." அடுத்து ரேடியேட்டரில் சூடு பார்க்கும் சென்சார். அதன் சாக்கெட்டைக் கழற்றி இரண்டு பின்னையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தான். இப்படிச் செய்தால் சூடானதாக நினைத்து ஃபேன் ஓட வேண்டுமாம். ஓடவில்லை. கடைசியாக பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டில் நேரடியாக வைத்தான். ஒரு பொறிகூட இல்லை.

நிமிர்ந்தான். முதல் முறையாகப் பேச்சு நின்றது.

"மோட்டரு பூட்ச்சுமா."

"வேற வழியில்லையா?"

"புதுப்பேட்டைல பழைய மோட்டரு கெடைக்கும். இப்பப் போனா மத்தியானம் வந்துருவேன். மாட்டறது ஒன் அவர்." அவர் பக்கம் திரும்பினான். "இன்னா சார், மாத்திடலாமா?"

"சரி" என்றார் அவர்.

அதோடு நிற்கவில்லை. சரி, சரி, சரி என்று குரல் ஏறிக்கொண்டே போயிற்று. இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். காரின் திறந்த கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"சாரு அவசரப்படறாருமா" என்றான் டில்லி. "புள்ளையப் பாக்கணும்ல. கண்டுக்காத, நான் பறந்துர்றேன்."

அவருடைய சரிக்குள் எத்தனை சொல் அடைபட்டுக் கிடக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று நானும் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சம்மதம் தேவைப்பட்டது. யாராவது ஒருவர் முடிவு செய்தால் போதும் என்றிருந்தது. காருக்குள் போகணும்கிறார் போல என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டார். பாட்டில் உருண்டு ஆட்டோவின் அடியில் போயிற்று.

பகல் பதினொன்றுக்கு நவீன் கூப்பிட்டான். "அம்மா, கரைக்கு வந்துட்டோம். இன்னைக்கு வேலை முடியாது. நாளைக்குப் பன்னெண்டு மணியிலிருந்து மூணு வரைக்கும் வாசலுக்கு வர விடறாங்க. அதுக்கு மேல இல்லைம்மா. சாயங்காலம் கப்பல் கிளம்புது."

"வந்துருவோம்."

"அப்பா நல்லா உக்கார்றாரா? என்னைத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். அவர் காதில் ஃபோனை வைத்தேன். வழக்கம்போல இரண்டு மூச்சு.

இந்தக் காரை நம்பாமல் வேறு வழி பார்ப்போம் என்று மத்தியானம் ஒரு கால் டாக்ஸி கூப்பிட்டேன். காட்டுப்பள்ளி என்றதும் ஒருவர் ரத்து செய்தார். இன்னொருவர், "அந்த ரோட்ல லாரிக்கு நடுவுல மாட்டினா ராத்திரிதான் மேடம்" என்று சொல்லிவிட்டு ரத்து செய்தார். ஆட்டோக்காரர் ஒருவர் மனமிரங்கி வந்தார். ஆறடி மனிதரை ஆட்டோவுக்குள் மடிக்க நானும் ஆட்டோக்காரரும் கால் மணி நேரம் போராடினோம். வலது பக்கம் பிடிமானம் இல்லாமல் உடம்பு வழுக்கி வாசல் பக்கமாகவே சாய்ந்தது. "விழுந்துருவாருமா. என் மனசு ஒப்பல" என்று அந்த மனிதர் தானே இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, வந்ததற்குக்கூட ஒன்றும் வாங்காமல் போனார். என் கணவருக்குத் தோதாகத் தாழ்த்திச் சாய்த்து வைத்த இருக்கை இந்த உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது முன்பக்க பம்பர் இல்லாமல், பல் போன வாயோடு, டில்லியின் கொட்டகையில் நின்றது.

டில்லி சாயங்காலம் ஐந்துக்கு வந்தான். கையில் செய்தித்தாள் சுற்றிய மோட்டார். வைத்துப் பார்த்தான். திருகு ஓட்டை மூன்றில் இரண்டுதான் பொருந்தியது. "அவன் கடையைச் சாத்திட்டான்மா. காலீல முதல் ஆளா நிக்கறேன்." முகத்தில் உண்மையான வருத்தம். என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கோபமாவது வந்திருந்தால் அந்த இரவு கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

மூன்றாம் நாள். பத்தரைக்குச் சரியான மோட்டாரோடு டில்லி வந்துவிட்டான். வயர் இணைக்க காதர் பாயையும் கூட்டி வந்தான். பாய் அந்தத் தெருவின் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் டெஸ்ட் லாம்ப். டில்லி ஃபேன் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, மொத்தமாக மேலே தூக்கினான். அரையடி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஏதோ பிடித்து இழுத்தது.

பாய் குனிந்து பார்த்தார். "டில்லி, இந்த ரெண்டு வயரு எங்கடா போவுது?"

"கம்பெனி வயரு பாய்."

"கம்பெனிக்காரன் நூலு சுத்துவானாடா?"

நானும் எட்டிப் பார்த்தேன். மோட்டாரின் முதுகிலிருந்து இரண்டு வயர்கள் கறுப்புக் குழாய்க்குள் ஒளிந்து புறப்பட்டிருந்தன. அவை சேரும் இடத்தில் வெள்ளைப் பருத்தி நூல் நெருக்கமாக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிச்சோடு சுற்றப்பட்டிருந்தது. அதன்மேல் தேன் நிறத்தில் வார்னிஷ்.

"கை தெரிஞ்ச ஆளு பண்ணதுமா இது" என்றார் பாய். "மோட்டர் சுத்தறவன்தான் இப்டிக் கட்டுவான். யாருகிட்ட வேலைக்கு விட்ட?"

சாப்பாட்டு மேசையில் மோட்டார்களைப் பரப்பி அந்த நூலை வாயில் கடித்து இழுக்கும் ஒரு மனிதரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். வார்னிஷ் வாடை சோற்றில் ஏறுகிறது என்று சண்டை போட்டிருக்கிறேன். பார்க்காமலே எனக்கு அந்த முடிச்சு தெரியும். திரும்பினேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இடது கையைக் காரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நேற்று நீட்டிய அதே பக்கம்.

பாய் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். வயர் பேட்டரிக்கு ஒரு கிளை விட்டது, இன்ஜினுக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஓட்டை வழியாகக் காருக்குள் நுழைந்தது. பாய் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு டிக் என்று ஒரு சத்தம்.

பாதி தொங்கிக்கொண்டிருந்த ஃபேன் பேய்பிடித்த மாதிரி சுற்றியது. வலையில் மாட்டிய மீனாகத் துள்ளியது. டில்லி பின்னால் தாவி ஒரு ஆட்டோவின் மேல் விழுந்தான்.

"இன்னா பாய், சொல்லிட்டுப் போடமாட்டியா? வெரலு போயிருக்கும்."

"நேத்து மோட்டரு பூட்ச்சுன்னியே."

"நான் சாக்கெட்டுல கரண்டு குட்த்தேன் பாய், சுத்தல."

"செத்த சாக்கெட்டுடா அது. இந்தாண்ட வயரைக் கட் பண்ணிட்டுச் சும்மா அழகுக்கு மாட்டி வச்சிருக்காரு. ஃபியூஸு, ரிலே, சென்சாரு, எல்லாம் நல்லாத்தான் கீது. எதுவும் ஃபேனோட சேரல. பேட்டரிலேர்ந்து தனியா லைன் இழுத்து, இங்க ஒரு சுவிட்ச் வச்சிருக்காரு. நீயே போடணும், நீயே நிறுத்தணும்."

தானாக ஓடுகிற எதையும் அவர் நம்பியதில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்த ஆட்டோமேட்டிக் சுவிட்சைக்கூட மூன்றாம் நாளே கழற்றிப் போட்டார். எப்ப ஓடணும்னு நான் சொல்லணும், அது எனக்குச் சொல்லக் கூடாது என்பார். காரிலும் இதைச் செய்துவிட்டு, நெரிசலில் நிற்கும்போதெல்லாம் காலுக்கு அருகே கையை விட்டு எதையோ தட்டுவார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் விழுந்த பிறகு நான் ஓட்டியதெல்லாம் விடிகாலையில் பிசியோதெரபிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.

குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு இடதுபுறம், டேஷ்போர்டின் அடியில், விரல்நுனி அளவில் ஒரு கறுப்பு சுவிட்ச். நான் உட்கார்ந்தால் என் இடது முழங்கால் வந்து முட்டும் இடம்.

வியாசர்பாடியில் அந்தக் கை என் முழங்காலுக்கு வரவில்லை.

இதை இப்போது எழுதும்போதும் அந்த வரிக்கு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக, நகரம் முழுவதும் புரியாத பாஷை பேசுகிறது என்று நான் செலவுக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். இன்னா, கீது, வந்துகினு. என் பக்கத்து இருக்கையில் ஒருவர் தனக்கு மிஞ்சிய ஒரே கையால் தெளிவாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதை எடுத்து எடுத்து அவர் மடியிலேயே வைத்திருக்கிறேன்.

"சார்தான் பண்ணாரா?" என்றார் பாய், என் முகத்தைப் பார்த்து. பிறகு நாற்காலிக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜோரான வேலை சார். மன்னிச்சுக்கங்க. ஒங்களைக் கேக்காம ஒங்க வண்டியைத் தொட்டுட்டோம்."

கேட்டோம். அதுதான் விஷயம். கேட்டுவிட்டு நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம்.

மணி பன்னிரண்டே கால். கூட்டைத் திரும்ப மாட்டி, பம்பரைப் பூட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி முடிக்க ஒன்று பத்து. டில்லி அவசரத்தில் ஒரு போல்ட்டைத் தவறவிட்டு, அது எங்கே என்று தரையெல்லாம் தேடினான். "ஒரு போல்ட்டு இல்லாட்டியும் ஓடும்மா, போ, போ" என்று கடைசியில் அவனே விரட்டினான். நவீன் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். கிளம்பிவிட்டோம் என்றேன்.

கார் கச்சிதமாக ஓடியது. இதைச் சொல்லத்தான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது. திருவொற்றியூர் தாண்டியதும் லாரிகள் நின்றன. கண்ணுக்கு எட்டிய வரை கண்டெய்னர்கள். சிவப்பு, நீலம், துருவின் நிறம். நாங்களும் நின்றோம். நின்ற உடனே அவர் கை வந்தது. முழங்காலை ஒதுக்கி வழி விட்டேன். விரல்கள் டேஷ்போர்டுக்கு அடியில் தடவிப் போய் சுவிட்சைத் தட்டின. ஃபேன் இரைந்தது. முள் பாதியிலேயே நின்றது. லாரிகள் நகர்ந்தால் அவரே அணைத்தார், நின்றால் அவரே போட்டார். ஐந்து மாதத்தில் அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு வேலை தெரிந்தது.

எர்ணாவூரில் மணி இரண்டு. எண்ணூரில் இரண்டே முக்கால். ஒரு பக்கம் கடல் கல் கரையில் மோதிக்கொண்டிருந்தது, மறுபக்கம் லாரி டிரைவர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது சாலை இல்லை, குடியிருப்பு. ஒருவர் என் ஜன்னலில் குனிந்து, "எங்க போறீங்க?" என்றார். சொன்னேன். வானத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், இரண்டு வெள்ளரிப் பிஞ்சை உள்ளே நீட்டிவிட்டுப் போனார்.

"எங்கம்மா இருக்கீங்க?" நவீன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம்.

"எண்ணூர்ல. லாரி நகர மாட்டேங்குது. கேட்டுப் பாரு, அரை மணி நேரம்."

"கேட்டாச்சும்மா." அவன் குரலில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து போனான்.

வாசலுக்கு நாங்கள் போனபோது மூன்றே முக்கால். இரும்புத் தடுப்பு, அதற்குப் பின்னால் கூண்டில் ஒரு காவலாளி. பீகார்க்காரர். எனக்குப் புரிந்த வரைக்கும் அவர் இந்தியில் சொன்னது இதுதான். பையன் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டான். அந்தச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். அடிக்கடி எழுந்து தடுப்பு வரைக்கும் வந்து சாலையைப் பார்த்தான். தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாராம், சாப்பிட்டானாம். மூன்று பத்துக்குக் கப்பலிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிப்போனார்கள். பிறகு காருக்குள் பார்த்து, "அப்பாவா?" என்றார். "அதே நெற்றி."

ஃபோனில் ஒரு செய்தி இருந்தது. அம்மா, இன்ஜின் ரூமுக்குக் கூப்பிட்டுட்டாங்க. கீழே சிக்னல் இருக்காது. கொழும்பு போய்ப் பேசறேன். அப்பாவை நான் பார்த்துட்டதா நினைச்சுக்கச் சொல்லுங்க.

அதை நான் அவரிடம் வாசிக்கவில்லை. "கூப்பிட்டுட்டாங்களாமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தச் சிமெண்டுக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுக வேலியை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது, அது முடிகிற இடத்தில் மீனவர் வீடுகள், அங்கிருந்தால் வெளியே போகும் கப்பல் தெரியும் என்று காவலாளிதான் சொன்னார். போனோம். மணலில் நாற்காலி உருளவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இருவர் கேட்காமலே வந்து நாற்காலியோடு தூக்கி ஈரமணல் விளிம்பில் வைத்தார்கள். தெற்கே புகைபோக்கிகள், கிரேன்கள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காத்திருந்தோம். நவீனின் கப்பலை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஐந்து மணிக்கு மேல் கிரேன்களுக்கு எதிரே, தூரத்தில், ஒரு பெரிய கப்பல் மெல்ல நகர்ந்தது.

"அதோ" என்றேன். "அதோ, நவீன்."

அவர் இடது கை எழுந்தது. தோளுக்கு மேலே, தலைக்கு மேலே. அவ்வளவு உயரம் தூக்கிப் பிசியோதெரபியில்கூட நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் காய்ந்த நெத்திலியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாரைமா தேடறீங்க?"

"அந்தக் கப்பல்ல எங்க பையன் இருக்கான்."

"அதுலயா?" கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். "அது உள்ள வர்ற கப்பலுமா. கரி ஏத்திகினு வருது. போற கப்பலு நாலரைக்கே பூட்ச்சே, நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் பாத்தேனே."

அவள் பக்கம் திரும்பி நின்று, அவருக்குக் கேட்காதபடி, "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர் முதுகைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் கையை இறக்கவில்லை. தளர ஆரம்பித்ததும் நான் போய் முழங்கைக்குக் கீழே தாங்கிக்கொண்டேன்.